சான் டியேகோவில் ஒரு விபத்து வக்கீல்

சான் டியேகோ நகரப் பேருந்தின் முதுகு முழுக்க ஒரு வக்கீலின் படம். கோட்டு, டை, கட்டிய கைகள். அடிபட்டவர்கள் கூப்பிட வேண்டிய தொலைபேசி எண் கொட்டை எழுத்தில். மகளின் காரில் அந்தப் பேருந்துக்குப் பின்னால் சிக்னலில் நின்றபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. விழுப்புரம் மாவட்டக் கோர்ட்டுகளில் 31 வருடம் வேலை பார்த்தவள் நான். அதில் 14 வருடம் எம்.சி.ஓ.பி. பிரிவு, அதாவது மோட்டார் விபத்து நஷ்டஈட்டு மனுக்கள். திருச்சி நெடுஞ்சாலையில் அடிபட்டவர்களின், செத்தவர்களின் வழக்குக் கட்டுகளோடுதான் என் பகல்கள் போயின. நம் நாட்டில் வக்கீல் விளம்பரம் செய்யக் கூடாது. ஜெயித்தால் இவ்வளவு பங்கு என்று ஃபீஸ் பேசவும் கூடாது. இரண்டும் பார் கவுன்சில் விதி. அதை மீறியவர்களைப் பார்த்திருக்கிறேன். அரசு மருத்துவமனை வாசலில் கேஸ் பிடிக்க நிற்கும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கசப்பெல்லாம் ஒரு நொடியில் மேலே வந்தது.

"அப்படிப் பாக்காதம்மா," என்றாள் மகள். "நம்ம எதிர்வீட்டுக்காரரும் அந்த மாதிரி வக்கீல்தான்."

எதிர்வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். நான் வந்த வாரமே ஒரு பாத்திரம் நிறையப் புளிச்சாறு கொண்டுவந்து கொடுத்தவர். சினிகாங் என்று பேர். இறாலும் கீரையும் முள்ளங்கியும் மிதக்கும். வாயில் வைத்ததும் என் அம்மா கை ரசம் ஞாபகம் வந்தது. புளியை ஃபிலிப்பினோக்கள் சம்பலோக் என்கிறார்கள். என்னைத் தீத்தா என்று கூப்பிட்டார். வயதில் மூத்த பெண்களை அவர்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்களாம், நாம் அத்தை என்பதுபோல. நான் அவரைத் தம்பி என்றேன். வயது 41. பிலிப்பைன்ஸில் பிறந்து, 16 வயதில் அமெரிக்கா வந்து, கடற்படையில் 8 வருடம் இருந்து, ஈராக் போய்த் திரும்பி, அதற்குப் பிறகு சட்டம் படித்தவர் என்பதெல்லாம் பேருந்தைப் பார்த்த அன்றைக்குத்தான் தெரிந்தது. என் பழைய வேலையைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "அப்போ நமக்கு ஒரே தொழில், தீத்தா. வியாழக்கிழமை எனக்குக் கோர்ட் இருக்கு. வாங்க, நாள் முழுக்கச் சுத்திக் காட்டறேன்."

2025 ஜூன் மாதத்து வியாழக்கிழமை அது. ஜூன் மாதம் சான் டியேகோவில் காலை வெயிலே கிடையாது. கடலிலிருந்து சாம்பல் நிற மேகம் ஏறி ஊர்மேல் கவிழ்ந்து கிடக்கும். மதியத்துக்குப் பிறகுதான் விலகும். மகள் வீடு இருக்கும் மீரா மேசாவை ஒட்டி மிராமார் விமானத் தளம் இருப்பதால் அந்த மேகத்துக்கு மேலே எங்கேயோ போர் விமானத்தின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. முதலில் தெற்கே, நேஷனல் சிட்டிக்குப் போனோம். காலை உணவு அங்கேதான் என்பது அவர் கட்டளை. பூண்டு போட்டு வறுத்த சோறு, முட்டை, வினிகரில் தொட்டுத் தின்னும் கருவாடு. கடையில் பாதிப் பேர் அவர் மொழி பேசினார்கள். ஊரை ஒட்டி ஓடும் 54ஆம் எண் சாலையின் ஒரு பகுதிக்கே ஃபிலிப்பினோ அமெரிக்கன் நெடுஞ்சாலை என்று பெயர்.

இத்தனை ஃபிலிப்பினோக்கள் இந்த ஊருக்கு எப்படி வந்தார்கள் என்றால், பெரும்பாலும் கடற்படை வழியாக. 1947இல் இரு நாடுகளும் செய்துகொண்ட ராணுவத் தள ஒப்பந்தப்படி, பிலிப்பைன்ஸ் குடிமக்களை அவர்கள் மண்ணிலேயே அமெரிக்கக் கடற்படை வேலைக்கு எடுக்க முடிந்தது. 1992 வரை எடுத்தது. எடுத்தவர்களுக்கு என்ன வேலை கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1970களின் தொடக்கம் வரை அவர்களில் பெரும்பாலோருக்கு அதிகாரிகளுக்குச் சமைப்பதும் பரிமாறுவதும் துணி மடிப்பதும்தான் வேலை. பட்டம் படித்திருந்தாலும் அதேதான்.

தம்பியின் அப்பா பிலிப்பைன்ஸில் அமெரிக்கக் கடற்படையின் சூபிக் விரிகுடாத் தளத்தில் கூலிக்கு வேலை பார்த்தவர். 1992இல் தளம் மூடியபோது வேலை போனது. அம்மா நர்ஸ். அவர்தான் முதலில் அமெரிக்கா வந்து, பிறகு பிள்ளைகளை அழைத்துக்கொண்டார். தாத்தாவின் கதை இன்னும் பழையது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கொடியின் கீழ் ஜப்பானியரோடு சண்டை போட்ட இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபிலிப்பினோக்களில் ஒருவர். போர் முடிந்த மறு வருடம், 1946இல், அவர்கள் செய்தது அமெரிக்க ராணுவச் சேவை ஆகாது என்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 63 வருடம் கழித்து, 2009இல், உயிரோடு மிஞ்சியவர்களுக்கு ஒரு தொகை அறிவித்தார்கள்: அமெரிக்கக் குடிமகன் என்றால் 15,000 டாலர், இல்லையென்றால் 9,000. அதிலும் செயின்ட் லூயிஸ் நகரத்து ராணுவ ஆவணக் காப்பகத்தின் பட்டியலில் பெயர் இருந்தால்தான் காசு. தம்பியின் தாத்தா பெயர் பட்டியலில் இல்லை.

"தாத்தா தோள்ல குண்டு பாய்ஞ்ச தழும்பு இருந்துச்சு, தீத்தா. சின்ன வயசுல நான் அதைத் தொட்டுப் பாத்திருக்கேன். காகிதம்தான் இல்ல."

கருவாட்டு முள்ளைத் தட்டின் ஓரம் ஒதுக்கியபடியே இதைச் சொன்னார். மருத்துவமனை விபத்துப் பதிவேட்டின் ஏ.ஆர். காப்பி இல்லாமல், டாக்டர் சீட்டு இல்லாமல், நொண்டிக்கொண்டே என் மேசை முன்னால் வந்து நின்றவர்களை எனக்கு நினைவு வந்தது. காலைக் காட்டுவார்கள். கால் சாட்சி ஆகாதே.

கோர்ட் வேலை ஒன்பதரைக்கு. சிவில் வழக்குகள் நடக்கும் ஹால் ஆஃப் ஜஸ்டிஸ், நகர மையத்தில் பிராட்வே தெருவில் இருக்கிறது. அவர் தன் விசாரணைக்குப் போக, என்னை வேறொரு கோர்ட் அறையில் பார்வையாளர் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுப் போனார். அங்கே ஒரு விபத்து வழக்குக்கு ஜூரி தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். என் வேலைக்காலம் முழுவதும் ஜூரியைக் கண்டதில்லை. கலிஃபோர்னியாவில் சிவில் வழக்குக்கு 12 பேர் ஜூரி. 9 பேர் ஒத்துப்போனால் தீர்ப்பு. தச்சர், பள்ளி ஆசிரியை, ஓய்வுபெற்ற தபால்காரர் என்று தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்ததுபோல் இருந்தது. உண்மையும் அதுதான். "வலிக்காகப் பணம் கேட்பது தவறு என்று நினைப்பவர்கள் கை தூக்குங்கள்" என்றார் அடிபட்டவரின் வக்கீல். ஐந்தாறு கைகள் தயங்காமல் உயர்ந்தன. அவர் கோபப்படவில்லை. ஒவ்வொருவரிடமும் ஏன் என்று பொறுமையாகக் கேட்டார்.

நம் தீர்ப்பாயங்களில் நஷ்டஈட்டுக்கு வாய்ப்பாடு உண்டு. 2009இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்டுக் கொடுத்த பெருக்கல் கணக்கு: செத்தவருக்கு 25 வயது வரை என்றால் சொந்தச் செலவு போக மிஞ்சும் ஆண்டு வருமானத்தை 18ஆல் பெருக்கு, 40 என்றால் 15ஆல், 65 தாண்டினால் 5ஆல். அந்தப் பட்டியல் எனக்கு இன்றும் மனப்பாடம். வலிக்கும் வேதனைக்கும் தனியாக ஒரு தொகை போடுவார்கள். பெரும்பாலும் சிறு தொகை. இங்கேயோ வலிக்கு அளவுகோல் கிடையாது, உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதைப் போடுங்கள் என்று நீதிபதியே ஜூரிக்குச் சொல்கிறார். எது மேல்? நம் வாய்ப்பாடு ஏழைக்கு ஏழை விலையையே போடும். கூலிக்காரர் உயிரும் எஞ்சினியர் உயிரும் ஒரே பெருக்கலில் வேறு வேறு தொகையாக வந்து நிற்கும். இவர்கள் முறையில் ஜூரியின் மனம் எப்படியும் சாயலாம். ஆனால் அடிபட்டவரின் வலியைப் பற்றி 12 பேர் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காக இந்த முறைக்கு என் ஓட்டு.

வெளியே வந்ததும் கேட்டேன், குடியேறி வந்தவர்கள், அதிலும் விசாச் சிக்கல் உள்ளவர்கள், இந்த 12 பேர் முன்னால் வந்து உட்காரத் துணிவார்களா என்று. முன்பு பயந்தார்கள் என்றார். எதிர்த்தரப்பு வக்கீல் குடியுரிமைக் கேள்வியை எழுப்புவார், அதோடு பாதிப் பேர் வழக்கை விட்டுவிடுவார்கள். 2017 தொடக்கத்திலிருந்து கலிஃபோர்னியாவில் அது முடியாது. காய வழக்கில் ஒருவரின் குடியேற்ற நிலையைச் சாட்சியமாகக் கொண்டுவரக் கூடாது என்று சட்டம். அதற்கும் முன்பே, 2014 ஜனவரி 2ஆம் தேதி, ஆவணங்கள் இல்லாமல் குடியேறிய செர்ஜியோ கார்சியா என்பவருக்கு வக்கீல் உரிமம் கொடுக்கலாம் என்று இந்த மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மெக்சிகோவிலிருந்து கைக்குழந்தையாக வந்தவர் அவர்.

துறைமுகம் நடக்கிற தூரம்தான். மிட்வே என்ற விமானந்தாங்கிக் கப்பல் கரையோடு கட்டப்பட்டு நிற்கிறது. 1945இலிருந்து 1992 வரை ஓடியது, 2004இலிருந்து அருங்காட்சியகம். இதன் தளத்தில் சில சமயம் குடியுரிமை உறுதிமொழி விழா நடக்கும் என்றார். அவர் உறுதிமொழி எடுத்தது 2005இல், சீருடையில் இருந்தபோதே. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகான காலம் முழுவதையும் போர்க்காலம் என்று அறிவித்து 2002 ஜூலையில் அதிபர் புஷ் ஆணையிட்டதால், படையில் இருக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் ஐந்து வருடம் காத்திருக்காமல் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்தால்தான் உண்டு. நாட்டுக்காகச் சண்டை போட்டேன், குடியுரிமை தானாக வந்துவிட்டது என்று நம்பி, காகிதம் போடாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். பிற்பாடு ஏதோ ஒரு குற்றத்துக்குத் தண்டனை அனுபவித்து வெளியே வந்ததும் அவர்களை நாடு கடத்திவிடுகிறார்கள்.

அவர்கள் போய்ச் சேரும் ஊர் ஒன்றைப் பாயின்ட் லோமா முனையிலிருந்து பார்த்தேன். மதியம் மேகம் விலகியிருந்தது. முனையின் முதுகின்மேல் ஃபோர்ட் ரோஸ்கிரான்ஸ் தேசியக் கல்லறை. ஒரு பக்கம் துறைமுகம், மறு பக்கம் பசிபிக் கடல், நடுவே ஒரே அளவில் வெள்ளைக் கற்கள் வரிசை வரிசையாக. தெற்கே நீலமாகத் தெரிந்த குன்றுகள் மெக்சிகோவின் திகுவானா. அமெரிக்கப் பாராசூட் படையில் இருந்து நாடு கடத்தப்பட்ட ஹெக்டர் பரஹாஸ் என்பவர் அங்கே தன்னைப் போன்றவர்களுக்காக ஒரு புகலிடம் நடத்தினார். கலிஃபோர்னியா ஆளுநர் 2017இல் அவருக்கு மன்னிப்பு அளித்தார். 2018 ஏப்ரலில் இதே சான் டியேகோவில் குடியுரிமை பெற்றார்.

கல்லறையில் தூண்போல் ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது. 1905 ஜூலை 21 அன்று இந்தத் துறைமுகத்தில் பென்னிங்டன் என்ற போர்க்கப்பலின் கொதிகலன் வெடித்தது. 60க்கும் மேற்பட்ட மாலுமிகள் வெந்து செத்தார்கள். தம்பி என்னை அதன் முன்னால் நிறுத்தி இன்னொரு வெடிப்பைச் சொன்னார். 1915 ஜனவரி 21. கப்பலின் பெயரே சான் டியேகோ. கொதிகலன்கள் அடுத்தடுத்து வெடித்தன. தெலெஸ்ஃபோரோ திரினிடாட் என்ற ஃபிலிப்பினோ, உலை அறையிலிருந்து வெளியே எறியப்பட்டவர், திரும்ப உள்ளே போய் ஒருவரைத் தூக்கி வந்தார். தூக்கி வரும்போதே அடுத்த வெடிப்பில் முகம் வெந்தது. கையில் இருந்தவரை மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, இன்னொருவரை மீட்கப் போனார். அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் அவருக்குக் கிடைத்தது. அவர் பெயரை ஒரு போர்க்கப்பலுக்கு வைக்கப்போவதாகக் கடற்படை 2022இல் அறிவித்தது. "எங்க வீட்ல அவர் படம் மாட்டியிருந்தோம்," என்றார். "மெடல் குடுத்தாங்க. நல்லது. வெந்த முகத்துக்கு என்ன குடுத்தாங்கன்னு சட்டம் படிச்ச பிறகுதான் கேட்கத் தோணிச்சு."

சட்டக் கல்லூரியில் அவரைத் தூங்கவிடாமல் செய்த தீர்ப்பு ஒன்று உண்டு. 1947இல் நியூயார்க் மாநிலத்தின் பைன் கேம்ப் முகாமில் வீரர்கள் தூங்கும் கொட்டடி தீப்பிடித்து ஃபெரெஸ் என்ற லெப்டினன்ட் இறந்தார். வெப்பமூட்டும் சாதனம் பழுது என்று தெரிந்தும் அங்கே தங்கவைத்தார்கள் என்று மனைவி வழக்குப் போட்டார். அதோடு சேர்த்து விசாரித்த இன்னொரு வழக்கில், ராணுவ மருத்துவர் அறுவை செய்த வீரர் ஒருவரின் வயிற்றுக்குள்ளிருந்து பல மாதம் கழித்து ஒரு துண்டு எடுக்கப்பட்டது. 30 அங்குல நீளம், 18 அங்குல அகலம்; ராணுவ மருத்துவத் துறை என்று அதிலேயே அச்சிட்டிருந்தது. 1950இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்கையும் தள்ளியது. சேவையில் இருக்கும்போது சேவை காரணமாக ஏற்படும் காயத்துக்கு வீரர் அரசின்மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. இன்று வரை அதுதான் சட்டம். 2019 டிசம்பரில் ராணுவ மருத்துவர்களின் கவனக்குறைவுக்கு மட்டும், கோர்ட்டுக்கு வெளியே, பாதுகாப்புத் துறையிடமே மனுக் கொடுக்க ஒரு வழி திறந்தார்கள். நுரையீரல் புற்றுநோயை ராணுவ மருத்துவமனை கண்டுபிடிக்கத் தவறிய ஸ்டேஸ்கல் என்ற வீரர் போராடிப் பெற்றது அது. பேருந்து மோதினால் வழக்குப் போடும் உரிமை சுற்றுலாப் பயணிக்குக்கூட இருக்கிறது. முகாம் கொட்டடியில் வெந்து செத்தவர் மனைவிக்கு இல்லை. இதில் நியாயம் இருப்பதாக எனக்குப் படவில்லை, எத்தனை முறை யோசித்தாலும்.

மூன்று மணிக்கு ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பினோம். ஓஷன்சைடு தாண்டியதும் கட்டடங்கள் நின்றுபோய், இடது பக்கம் கடல், வலது பக்கம் காய்ந்த குன்றுகள் மட்டும். 1942இல் அமைந்த கேம்ப் பென்டில்டன், 1,25,000 ஏக்கர். லாஸ் ஏஞ்சலஸுக்கும் சான் டியேகோவுக்கும் நடுவே இவ்வளவு கடற்கரை வீடு முளைக்காமல் கிடப்பதற்கு மரீன் படைதான் காரணம். கடற்படை மருத்துவ உதவியாளர்கள் மரீன்களோடு போர்க்களம் போகப் பயிற்சி பெறும் இடங்களில் இது ஒன்று. அவரும் இங்கேதான் பயின்றார். மரீன்களுக்கென்று தனி மருத்துவப் பிரிவு கிடையாது. கடற்படையின் உதவியாளர்தான் கூடவே போவார். அவரை எல்லாரும் டாக் என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் என்பதன் சுருக்கம். 22 வயதில் ஈராக்கின் அன்பார் மாகாணத்தில் 40 பேருக்கு இவர் டாக்.

இங்கேதான் தம்பி முதல்முறையாக வண்டியின் வேகத்தைக் குறைத்தார். போரைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னதும் கொஞ்சம்தான். காயம்பட்டவருக்கு ரத்தத்தை நிறுத்திக் கட்டுப் போட்டதும் அடுத்த வேலை எழுதுவது. எந்த நேரம் கட்டுப் போட்டேன், எந்த மருந்து எவ்வளவு கொடுத்தேன் என்று அட்டையில் எழுதிச் சட்டையில் கட்ட வேண்டும். அட்டை தொலைந்துவிடும் என்ற பயத்தில், கை காலை இறுக்கிக் கட்டிய நேரத்தை நெற்றியிலேயே எழுதுவார்களாம். பின்னால் இருக்கும் அறுவை மருத்துவருக்கு அந்த எழுத்துதான் எல்லாம்.

ஒரு நாள் வண்டிக்குக் கீழே குண்டு வெடித்தது. மூன்று பேருக்கு அட்டை எழுதிக் கட்டி அனுப்பினார். அவரையும் அது தூக்கி எறிந்திருந்தது. காதில் விசில் சத்தம், இடுப்பில் வலி. "நீ எப்படி இருக்க, டாக்?" என்று சார்ஜென்ட் கேட்டார். "நல்லா இருக்கேன்," என்றார். தனக்கு அட்டை எழுதிக்கொள்ளவில்லை.

2011இல் சீருடையைக் கழற்றினார். விசில் நிற்கவில்லை, இடுப்பு வலி அதிகமானது. முன்னாள் வீரர் துறைக்கு மனுப் போட்டார். படையில் இருந்தபோது காயம் பட்டதற்குப் பதிவு இல்லை என்று தள்ளுபடி. நாற்பது பேருடைய காயத்தை எழுதியவரின் காயத்தை எழுத ஆள் இல்லை. மேல்முறையீட்டுக்கு உதவியது ஒரு வியட்நாம் போர்க்காலத்து முதியவர். தன்னார்வலராக இப்படிப்பட்ட மனுக்களை எழுதிக் கொடுப்பவர். அன்று வண்டியில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்து நடந்ததை எழுத்தில் வாங்கினார்கள். ஒருவர் டெக்சஸில் இருந்தார், ஒருவர் சிறையில். இரண்டரை வருடத்தில் மனு ஏற்கப்பட்டது. அந்த முதியவரோடு உட்கார்ந்து மற்றவர்களின் மனுக்களையும் எழுத ஆரம்பித்த இடம்தான் இவர் சட்டத்துக்குள் நுழைந்த வாசல்.

படித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். முன்னாள் வீரர்களுக்கான ஜி.ஐ. பில் 36 மாதக் கல்விச் செலவைத் தரும். கல்லூரிப் பட்டத்திலேயே அதில் பெரும்பகுதி தீர்ந்தது. மிச்சம் சட்டக் கல்லூரியின் இரண்டாம் வருடத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு கடன். மாலை வகுப்பு, நான்கு வருடம். பகலில் இன்ஷூரன்ஸ் நிறுவனங்களுக்காக வாதாடும் ஓர் அலுவலகத்தில் கோப்பு பார்க்கும் வேலை. கலிஃபோர்னியா பார் தேர்வு எழுதுபவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் தேறுவதில்லை; அவரும் முதல் முறை தேறவில்லை. இரண்டாம் முறை, 2019இல், தேறினார்.

இன்ஷூரன்ஸ் பக்கத்தில் வேலை பார்த்ததுதான் தன் உண்மையான படிப்பு என்றார். அங்கே முதலில் தேடுவது மூன்று காகிதம். சம்பவ இடத்துப் போலீஸ் அறிக்கையில் காயம் இல்லை என்று இருக்கிறதா? மருத்துவரை முதலில் பார்த்தது எத்தனை நாள் கழித்து? சிகிச்சையில் நடுவே இடைவெளி உண்டா? இந்த மூன்றில் ஒன்று கிடைத்தாலும் தொகையைப் பாதியாக அடித்துவிடலாம். குடியேறி வந்தவர்களின் கோப்பில் மூன்றுமே இருக்கும். போலீஸ்காரர் கேட்டால் அவர்கள் சொல்வது ஒன்றுதான். அவர் மக்கள் "ஓகே லாங்" என்பார்கள். படையில் "குட் டு கோ" என்பார்கள்.

"எங்க ஊர்ல பரவாயில்லைங்க என்பாங்க," என்றேன்.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் பால் கறந்து விற்ற ஒரு அம்மாவின் கட்டு எனக்கு மறக்காது. வேன் இடித்துச் சாலையோரம் கிடந்தவரிடம் விசாரித்தபோது "பரவாயில்லைங்க" என்றிருக்கிறார். சாதாரணக் காயம் என்று எழுதிவிட்டார்கள். மூன்றாம் நாள் மயங்கி விழுந்த பிறகுதான் தலைக்குள் ரத்தம் கட்டியிருப்பது தெரிந்தது. அந்த ஒரு சொல்லை வைத்து எதிர்த்தரப்பு ஆறு வருடம் வழக்கை இழுத்தது. தொகை வந்தபோது வாங்கிக்கொள்ள மகன்தான் வந்தான். இதை நான் சொல்லி முடித்தபோது தம்பி வண்டியை ஓர் ஓய்விடத்தில் நிறுத்தியிருந்தார்.

அங்கே கடலைப் பார்த்து நின்றபடி இன்னொன்று சொன்னார். இந்த நெடுஞ்சாலையில் ஒரு காலத்தில் மஞ்சள் பலகைகள் இருந்தன: குனிந்து ஓடும் அப்பா, பின்னால் அம்மா, அம்மா கையைப் பிடித்துப் பறக்கும் ஒரு சின்னப் பெண்ணின் இரட்டைச் சடை. எல்லை தாண்டி வந்தவர்கள் சோதனைச் சாவடிக்குப் பயந்து சாலைக்குக் குறுக்கே ஓடி வாகனங்களில் அடிபட்டுச் செத்துக்கொண்டே இருந்ததால், ஓட்டுநர்களை எச்சரிக்க 1990 வாக்கில் வைத்தார்கள். வரைந்தவர் ஜான் ஹூட், போக்குவரத்துத் துறை ஓவியர். நவஹோ பழங்குடியினர், வியட்நாமில் போரிட்டவர். இப்போது அந்தப் பலகை ஒன்றுகூட இல்லை. "ஓடறவங்களையும் யாரோ ஒருத்தர் படமா எழுதி வைச்சாரு பாருங்க," என்றார் தம்பி.

ஃபீஸாக வாங்கும் பங்கு விஷயத்தைக் கேட்காமல் விட என் மனம் கேட்கவில்லை. வழக்குப் போடும் முன் முடிந்தால் வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு, போட்ட பிறகு 40 சதவீதம் வரை. தோற்றால் ஒன்றும் கிடையாது. எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதிகம் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். இப்போதும் அதையே சொல்வேன். அவர் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கணக்குக் காட்டினார். 1967இலிருந்து 2024 கடைசி வரை கலிஃபோர்னியாவில் ஓட்டுநர் ஒருவர் கட்டாயம் வைத்திருக்க வேண்டிய இன்ஷூரன்ஸ், அடிபட்ட ஒருவருக்கு 15,000 டாலர். 57 வருடம் மாறவில்லை. 2025 ஜனவரியில்தான் 30,000 ஆனது. முதியோருக்குத் துணையாக வேலை பார்த்த ஃபிலிப்பினோ அம்மா ஒருவரை 2023இல் சாலை கடக்கும்போது கார் இடித்தது. மருத்துவமனை பில் அந்த 15,000ஐ முதல் நாளிலேயே தின்றுவிட்டது. இடித்தவரிடம் வேறு சொத்து இல்லை. அந்த வழக்கில் தன் பங்கை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. இதை அவர் சொல்லவில்லை; அவர் மனைவி இரவு என் மகளிடம் சொன்னது.

திரும்பும்போது இருட்டிவிட்டது. மீரா மேசா சிக்னலில் அதே படம் போட்ட பேருந்து ஒன்று முன்னால் நின்றது. பிள்ளைகளைப் பார்க்க வரும் எங்களைப் போன்ற பெற்றோருக்கு என்ன சொல்வாய் என்று கேட்டேன். அவர் சொன்னதை வீட்டுக்குப் போனதும் எழுதி வைத்தேன். இதோ.

சாலையில் அடிபட்டால் பரவாயில்லை என்று சொல்லாதீர்கள். எங்கே வலிக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். இன்ஷூரன்ஸ்காரர் நீட்டும் முதல் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சுற்றுலா விசாவில் வந்தவர் என்பதால் உங்கள் உரிமை குறையாது. உங்கள் பிள்ளையின் கார் இன்ஷூரன்ஸில், இடித்தவரிடம் இன்ஷூரன்ஸ் இல்லாவிட்டாலும் நமக்குக் கிடைக்கும் பகுதி சேர்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். கலிஃபோர்னியாவில் காய வழக்குப் போட இரண்டு வருடம் இருக்கிறது. ஆனால் இடித்தது நகரப் பேருந்து, அரசு வண்டி என்றால், ஆறு மாதத்துக்குள் அந்த அலுவலகத்துக்கு எழுத்தில் மனுப் போய்ச் சேர வேண்டும்.